பால் இல்லை என்று சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் என்பதால் தங்கள் நாளிதழில் அதைப் பற்றி நிறையச் செய்திகள் வந்தன. சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், அதற்குப் பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதைத் தாண்டியும் கொடுக்கலாம் என்றெல்லாம் போட்டிருந்தீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் இது தெரியாமல் இன்று நம் ஊரில் எந்தப் பெண்ணும் பிரசவத்துக்குப் போவதில்லை. செக்கப்புக்குப் போகிற இடத்தில் எல்லாம் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டும் என்ற ஆசையோடு இருக்கிற ஒருத்தி, கொடுக்க முடியாமல் தவிக்கிற அந்த முதல் வாரத்தைப் பற்றி எந்தச் செய்தியிலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல். கட்டிக்கொடுத்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளுக்கு இப்போது ஏழு மாதம் முடிந்திருக்கிறது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறாள், கேழ்வரகுக் கூழும் ஆரம்பித்திருக்கிறோம். இப்போது அவளைப் பார்க்கிறவர்களிடம் முதல் இரண்டு வாரம் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தனியார் மருத்துவமனை ஒன்றில்தான் சேர்ந்தேன். வலி வர மருந்து ஏற்றியும் கர்ப்பவாய் திறக்கவில்லை என்று கடைசியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதுகில் ஊசி போட்டிருந்ததால் நான் முழு நினைவோடு இருந்தேன். பிள்ளையை என் முகத்துக்குப் பக்கத்தில் காட்டிவிட்டு வெளியே எடுத்துப் போனார்கள். என்னை வார்டுக்கு மாற்றி அவளைப் பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தபோது பொழுது அடைந்துவிட்டது. அதற்குள் என் வீட்டுக்காரரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, கீழே இருந்த மருந்துக் கடையில் பால் பவுடர் வாங்கி வரச் சொல்லி, கரைத்துப் புகட்டியும் ஆகிவிட்டது. 'ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு உடனே பால் வராதும்மா' என்றார்கள்.

முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது ஒரு தேக்கரண்டி அளவுதான். சீம்பாலும் அந்த அளவுக்குத்தான் சுரக்கும். பவுடர் பாலால் வயிற்றை நிறைத்துவிட்டால் பிள்ளை தூங்கிப் போகும், மார்பைத் தேடாது. தேடிச் சப்பாவிட்டால் சுரப்பு தூண்டப்படாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சுகப்பிரசவத்துக்கு மட்டுமல்ல. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் ஆன தாயின் மார்போடும், தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், பிள்ளையைச் சீக்கிரமே சேர்த்து வைக்கலாம். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அனேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 60 பேருக்குத்தான் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைக்கிறது. 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியாரில் 60-க்கும் மேலே. ஆபரேஷன் ஆன தாய்க்குப் பால் கொடுக்க உதவுவது அபூர்வமாகத் தேவைப்படுகிற வேலை இல்லை என்று இதிலிருந்தே தெரிகிறதே!

மறுநாள் ஒரு நர்ஸ் வந்து மார்பை அழுத்திப் பார்த்தார். 'ஒண்ணும் வரலையே' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வார்டு முழுவதையும் அவர் ஒருவர்தான் பார்த்தார். ஆனால் அந்தச் சொல் அப்படியே என் அம்மா காதிலும், அத்தை காதிலும், பார்க்க வந்தவர்கள் காதிலும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு பிள்ளை சிணுங்கினால்கூட, 'பால் பத்தலை, பவுடரைக் கரைங்க' என்றார்கள்.

தையல் போட்ட வயிற்றோடு நிமிர்ந்து உட்கார முடியவில்லை. குனிந்து காம்பை அவள் வாயில் வைப்பேன். நுனியை மட்டும் கவ்விக்கொண்டு சப்புவாள். உயிர் போகும். இடது பக்கக் காம்பு உள்ளே அமுங்கி இருந்ததால் அந்தப் பக்கம் பிடிக்கவே மாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். வலது பக்கம் வெடித்து ரத்தம் கசிந்தது. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று கையில் பில்லும் மாத்திரைச் சீட்டும் கொடுத்தார்கள். பிள்ளை எப்படிப் பால் குடிக்கிறது என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் பால் இறங்கிவிட்டது. ஆனால் பிள்ளையால் இழுக்க முடியாததால் இரண்டு மார்பும் கட்டிக்கொண்டு, தொட முடியாத வலி, காய்ச்சல் வேறு. பால் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் எனக்குப் பால் கட்டிக்கொண்டிருந்தது! இதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. வலிக்கிற மார்பில் பால் கொடுக்காதே, அது கெட்டுப் போன பால் என்றார் ஒரு பெரியம்மா. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டு, வீக்கம் வடியும் என்றார் இன்னொருவர். அந்தக் காலத்தில் பால் வற்றுவதற்காகத்தான் மல்லிகைப் பூ கட்டுவார்கள். நல்ல வேளையாக ஆச்சிக்கு அது தெரிந்திருந்தது. தெருவில் கழுதைப் பால் விற்கிறவர் வந்தபோது ஒரு சங்கு வாங்கிப் புகட்டலாம், பிள்ளை திடமாகும் என்று ஒரு பேச்சு வந்தது. தேன் தொட்டுச் சேனை வைக்கவும் சொன்னார்கள். ஒரு வயது ஆகும் வரை தேனைப் பிள்ளை நாக்கில் வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி சின்னப் பிள்ளைகளுக்கு உயிராபத்து. இந்த ஒன்றை மட்டுமாவது தங்கள் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பிள்ளை அழுவதும் குறைந்துவிட்டது. சமர்த்தாகத் தூங்குகிறாள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், 'இவ காலையிலேருந்து நனைக்கவே இல்லை' என்றார். குழந்தை நல மருத்துவரிடம் ஓடினோம். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் சில நாட்களில் குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னார். எங்கள் பிள்ளைக்கு அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது, மஞ்சளும் தட்டியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் மார்பில் போடுங்கள், பிறகு பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுங்கள், அது போதாவிட்டால் கொஞ்ச நாளைக்குப் பவுடர் பாலும் அதே பாலாடையில் கொடுங்கள், பாட்டில் மட்டும் வேண்டாம் என்றார். பாட்டில் ரப்பருக்குப் பழகிவிட்டால் மார்பில் வாயை அகலத் திறக்க மறந்துவிடுமாம். நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கிற பாலாடையை அவர் எழுதிக் கொடுத்ததில் அம்மாவுக்குத் தெம்பு வந்தது. பரணிலிருந்து நான் குடித்த பாலாடையையே எடுத்து வெந்நீரில் கொதிக்க வைத்தார்.

எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மார்பில் எப்படிப் போடுவது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அதைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர். அடுத்த வீட்டு அக்கா போன் செய்து அவரை வரச் சொன்னார். அவர் வந்ததும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, 'நீ எப்பவும் கொடுக்கிற மாதிரி கொடும்மா, நான் பாக்கேன்' என்றார். முழுசாகப் பார்த்தார். என் தோள் எப்படி இருக்கிறது, பிள்ளை கழுத்து திரும்பியிருக்கிறதா, கன்னம் குழிகிறதா, விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

என்னைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னார். முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்தில் ஒரு தலையணை. தையலில் படாமல் பிள்ளையைக் கக்கத்துக்கு அடியில் விட்டு, அவள் கால் என் முதுகுப் பக்கம் போகும்படி வைத்தார். பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும், நாம் குனியக் கூடாது என்றார். மேல் உதட்டில் காம்பால் தடவிக்கொண்டே, அவள் கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும் வரை காத்திருக்கச் சொன்னார். திறந்தவுடன் சட்டென்று கிட்டே இழுத்து, காம்பு மட்டும் இல்லாமல் அதைச் சுற்றிய கறுப்பு வட்டமும், கீழ்ப்பக்கம் அதிகமாக, வாய்க்குள் போகும்படி வைத்தார். தாடை மார்பில் அழுந்தியிருந்தது, உதடு வெளிப்பக்கம் மடிந்திருந்தது. எனக்கு வலிக்கவில்லை. முதல் சில விநாடி ஒரு சுரீர், அப்புறம் ஒன்றும் இல்லை. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, சுண்டு விரலை அவள் வாய் ஓரத்தில் விட்டுப் பிடியை எடுத்துவிட்டு மறுபடி வை என்றார். 'வலிச்சா பிடி சரியில்லேன்னு அர்த்தம். பொறுத்துக்கிட்டே இருந்தா புண்ணுதான் ஆகும்' என்று அவர் சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன்.

கட்டியிருந்த மார்புக்கு, பால் கொடுப்பதற்கு முன்னால் வெந்நீரில் நனைத்த துணி ஒற்றடம். கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி முன்னால் கொண்டுவந்து கொஞ்சம் பீய்ச்சினால் வட்டம் இளகும், பிள்ளையால் பிடிக்க முடியும். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி. வெடிப்புக்குத் தன் பாலையே ஒரு சொட்டு தடவிக் காற்றில் உலர விட வேண்டும். காய்ச்சல் இருந்தாலும் அந்த மார்பில் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால்தான் சீழ் வைக்கும் என்று சொல்லி மருத்துவரையும் பார்த்து வரச் சொன்னார். இடது பக்கத்துக்குப் புது ஊசிக் குழாய் ஒன்று வாங்கி வரச் சொல்லி, ஊசி மாட்டுகிற முனையை வெட்டி, வெட்டிய பக்கமாகத் தண்டை உள்ளே விட்டார். வழவழப்பான மறுமுனையைக் காம்பின் மேல் வைத்து மெல்ல இழுத்துப் பிடித்தால் உள்ளே போன காம்பு வெளியே வருகிறது. கொடுப்பதற்கு முன்னால் அரை நிமிடம், ஒரு நிமிடம் அப்படிப் பிடித்தால் போதும். இத்தனை நாள் எனக்குக் குறை என்று நினைத்து அழுதது சில ரூபாய் பெறுமான பொருளில் தீர்ந்தது.

பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும், இரவில் கொடுப்பதை விடக் கூடாது என்றார். ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, 'கோடையில ஆத்துல ஊத்து தோண்டுவோம்லா, அள்ள அள்ளத்தானே ஊறும், அள்ளாம விட்டா தூந்துரும்' என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அம்மா செய்து கொடுத்த பால்சுறாப் புட்டையும், பூண்டுக் குழம்பையும், முருங்கைக்கீரையையும் ஆசையோடு சாப்பிட்டேன். பச்சை உடம்புக்கு அது பலம். ஆனால் எத்தனை சுறாப் புட்டு சாப்பிட்டாலும் பிள்ளை இழுத்துக் குடிக்காமல் பால் பெருகாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருந்ததையும் செவிலியர் நிறுத்தினார். தாகத்துக்குத் தேவையான அளவு குடிக்கட்டும் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னார்.

பால் போதுகிறதா என்று பார்க்கவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை அழுவதை வைத்தோ, மார்பு மெத்தென்று இருப்பதை வைத்தோ, பீய்ச்சும்போது எவ்வளவு வருகிறது என்பதை வைத்தோ முடிவு செய்யக் கூடாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். கறுப்பாகப் போன மலம் மஞ்சளாக மாற வேண்டும். எடை ஏற வேண்டும். என் வீட்டுக்காரர் காலண்டரில் கோடு போட்டுக் கணக்கு வைத்தார். ஏப்பம் எடுக்க வைப்பதும், இரவில் பிள்ளையை எடுத்து என்னிடம் தருவதும் அவர் வேலை. பவுடர் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போனது.

ஆசிரியர் அவர்களே, இந்த விவரங்களைப் படம் போட்டுத் தங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

எல்லாப் பெண்களுக்கும் கடைசியில் பால் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தைராய்டு, ஹார்மோன் கோளாறு, முன்பு மார்பில் செய்த அறுவைச் சிகிச்சை இவற்றால் சிலருக்கு உண்மையிலேயே குறைவாகத்தான் சுரக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பு இருக்காது. நாக்கின் அடியில் உள்ள சவ்வு ஒட்டியிருந்தாலும் பிடி கிடைக்காது. அவர்களுக்குப் பவுடர் பால் மருந்து மாதிரித் தேவைப்படுகிறது, அதைக் கொடுக்கிற தாயை ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. என் மதினிக்கு இதே தொல்லை வந்தபோது பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. மார்பில் புண், ராத்திரி பகலாக அழுகை, பிள்ளை மேலேயே வெறுப்பு. கடைசியில் பாட்டிலுக்கு மாற்றினார். அவர் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், நன்றாக ஓடியாடுகிறான். ஆனாலும் அவனுக்குச் சளி பிடித்தால் 'நான் பால் கொடுக்கலைல்லா' என்று இன்றைக்கும் கண் கலங்குகிறார். சுவரொட்டியில் இருக்கிற சிரித்த முகம் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவமான முதல் ஒன்றிரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. அது இரண்டு வாரத்தைத் தாண்டியும் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். 'பச்சை உடம்புக்காரி அழக் கூடாது' என்று வாயை மூட வைப்பது உதவி ஆகாது.

மருத்துவமனைகளுக்கு ஒரு வார்த்தை. பால் பவுடர், பாட்டில் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1992லேயே வந்துவிட்டது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பவுடருக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அந்த நிறுவனங்கள் பரிசு கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று டின்னிலேயே அச்சிட வேண்டும். அந்த டின்னை வாங்க வைக்கிற சீட்டில், எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாளைக்கு என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டு எழுதட்டும் என்று கேட்கிறேன். டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் ஒரு முழு வேளைப் பால் குடிப்பதை உட்கார்ந்து பார்த்து, பிடி சரியாக இருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தையல் ஆறியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லையே. அதற்கென்று ஆள் வேண்டும், ஒரு நர்ஸ் தலையில் வார்டு முழுவதையும் கட்டினால் அவர் என்ன செய்வார்?

சுகாதாரத் துறைக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான குறை இன்னொன்று. கர்ப்பிணியாக என் பெயர் பதிவானது புகுந்த வீட்டு ஊரில். பிரசவமாகிப் படுத்திருந்தது ஏரலில். அங்கே உள்ள செவிலியர் பட்டியலில் நான் இருந்தேன், வீட்டில் இல்லை. இங்கே உள்ள செவிலியருக்கு நான் இருப்பதே அடுத்த வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் ஊர் வழக்கம், பால் கொடுப்பதில் அதிகமாகத் திண்டாடுவதும் தலைப்பிரசவக்காரிகள்தான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டு, அந்த ஊர்ச் செவிலியருக்கு அன்றைக்கே தகவல் போக வழி செய்ய வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் இதைச் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போன இரண்டு நாளுக்குள் அவர் வந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பால் கட்டுவதும் பிள்ளை எடை குறைவதும் அந்த நாட்களில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.